எஸ்யூவியில் இன்ஜின் ஆயில் கசிவு: கியர்பாக்ஸை இறக்கச் சொல்கிறார்கள், அதற்கு முன் எதைப் பார்ப்பது?

ஏழுசீட்டுப்பயணி:

வணக்கம். எங்கள் வீட்டு வண்டி 2.2 லிட்டர் டீசல் எஸ்யூவி, 2016 மாடல், மேனுவல் கியர், இன்ஜின் நெடுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும், இதுவரை 1,34,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று வாரமாக நிறுத்தும் இடத்தில் தரையில் எண்ணெய்ச் சொட்டு. முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு கறை இருந்தது, இப்போது காலையில் பார்த்தால் இரண்டு மூன்று இடத்தில் இருக்கிறது. மேடு ஏறி வந்து எங்காவது நின்றால் எண்ணெய் கருகுகிற வாடை ஏசி வழியாக உள்ளே வருகிறது, அம்மாவால் தாங்க முடியவில்லை, ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார். ஆயில் மாற்றியபோது டிப்ஸ்டிக்கில், அதாவது ஆயில் அளவு பார்க்கிற கம்பியில், மேல் கோட்டில் நின்றது, 1,800 கிலோமீட்டரில் பாதிக்கு இறங்கிவிட்டது. சைலன்சரில் நீலப் புகை இல்லை, இழுவை குறையவில்லை, ஆயில் விளக்கும் எரியவில்லை.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் லிஃப்டில் ஏற்றி, அடியில் டார்ச் அடித்துப் பார்த்த இரண்டே நிமிடத்தில், கிராங்கின் (இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டின்) பின்பக்க சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும், இறக்குவதோடு கிளட்ச் செட்டையும் மாற்றிவிடுங்கள் என்றார்கள். இன்னொருவர் பானெட்டை மட்டும் திறந்து பார்த்துவிட்டு டேப்பட் கவர் (இன்ஜினின் மேல் மூடி) பேக்கிங்தான் என்கிறார். இரண்டு வேலைக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அடுத்த மாதம் குடும்பத்தோடு நீண்ட பயணம் இருக்கிறது. யார் சொல்வதை நம்புவது, நானே ஏதாவது சரிபார்க்க முடியுமா?


பழைய_ஸ்பேனர்:

தம்பி, இரண்டு பேருமே இன்னும் கசிவைக் கண்டுபிடிக்கவில்லை. ஒருவர் ஆயில் சொட்டுகிற இடத்தைப் பார்த்திருக்கிறார், இன்னொருவர் ஆயில் வழக்கமாகக் கசிகிற இடத்தைச் சொல்லியிருக்கிறார். கசிவு ஆரம்பிக்கிற இடம் வேறு, சொட்டுகிற இடம் வேறு. ஆயில் மேலிருந்து கீழே இறங்கும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும், அதனால் இன்ஜினில் எங்கே கசிந்தாலும் கடைசியில் பின்பக்கம் கீழே, அதாவது இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற பெல் ஹவுசிங் அடியில்தான் வந்து சொட்டும். அங்கே ஈரத்தைப் பார்த்ததும் பின் சீல் என்று சொல்லிவிடுவது நான் பல வருஷமாகப் பார்க்கிற தவறு. கியர்பாக்ஸை இறக்கிப் புது சீல் போட்டு ஏற்றிய பிறகும் அதே இடத்தில் சொட்டுகிற வண்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன.

பார்க்க வேண்டியது, ஈரமாக இருப்பதிலேயே மிக உயரமான இடம், மிக முன்னால் இருக்கிற இடம். அதைப் பார்க்க முதலில் சுத்தம் செய்ய வேண்டும். பழைய பிசுக்கு படிந்த இன்ஜினில் எவ்வளவு நல்ல மெக்கானிக்காக இருந்தாலும் யூகம்தான் சொல்ல முடியும். இன்ஜின் முழுக்க ஆறியபிறகு டீக்ரீசர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவுங்கள். ஆல்டர்னேட்டர், வயரிங் கனெக்டர்கள், காற்று உறிஞ்சும் வாய் எல்லாவற்றையும் பாலிதீன் போட்டு மூடிக்கொள்ளுங்கள், பிரஷர் வாஷரைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம். நன்றாகக் காய்ந்ததும் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள், அப்புறம் ஐம்பது கிலோமீட்டர் கழித்து ஒரு தரம், நூறு கழித்து ஒரு தரம். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள், ஏனென்றால் ஆயில் அந்தத் தட்டில் தேங்கி அதன் ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே சொட்டும். நீங்கள் சொன்ன இரண்டு மூன்று இடமும் அந்த ஓட்டைகளாக இருக்கலாம்.

இன்னொன்று, அது இன்ஜின் ஆயில்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ராத்திரி அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். டீசல் இன்ஜின் ஆயில் கறுப்பு. பவர் ஸ்டீயரிங் ஆயில் பல வண்டிகளில் சிவப்பு. கூலண்ட் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும், தொட்டால் ஆயில் போல இருக்காது. கியர் ஆயில் கெட்டியாக, கந்தக வாடையோடு இருக்கும், ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. பெல் ஹவுசிங்கில் இருப்பது கியர் ஆயில் என்றால் கதையே வேறு, அது கியர்பாக்ஸின் முன் சீல்.


மழைக்காலம்:

எனக்கும் இதே அனுபவம், பெட்ரோல் வண்டி. கடைசியில் ஆயில் ஃபில்டரில் இருந்தது கோளாறு. முந்தைய சர்வீஸில் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது, அதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புது வளையத்தோடு ஃபில்டரை ஏற்றிவிட்டார்கள். இரட்டை வளையம் சில நாள் தாங்கும், திடீரென்று ஒருநாள் மொத்தமாகக் கொட்டிவிடும். உங்களுக்குக் கடைசியாக ஆயில் மாற்றிய பிறகுதான் கசிவு ஆரம்பித்தது என்றால் ஃபில்டரையும், பழைய ஆயிலை வடிக்கிற டிரெயின் பிளக்கின் வாஷரையும் முதலில் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. அந்த வாஷர் பல வண்டிகளில் ஒருமுறைதான் பயன்படும், ஆனால் யாரும் மாற்றுவதில்லை.


தூரநிலா:

என் வண்டியும் ஏறக்குறைய இதே வகை டீசல். என் அனுபவத்தில் சொல்கிறேன், கருகுகிற வாடை முக்கியமான தடயம். கிராங்க் பின் சீலிலிருந்து வருகிற ஆயில் நேராகக் கீழே போய்விடும், சூடான எக்ஸாஸ்ட்டில் பட வாய்ப்பு குறைவு. ஏசி காற்று உறிஞ்சுகிற வாய் விண்ட்ஷீல்டுக்கு அடியில் இருக்கிறது, அங்கே வாடை ஏறுகிறது என்றால் ஆயில் மேலே எங்கிருந்தோ டர்போ மேலோ, இன்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியேற்றுகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மேலோ விழுந்து கருகுகிறது. அதனால் கியர்பாக்ஸ் கதையை நான் நம்ப மாட்டேன்.

இதைச் சாதாரணமாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சுமையோடு மேடு ஏறும்போது டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கம் 600 டிகிரியைத் தாண்டும், அங்கே ஆயில் தொடர்ந்து விழுந்தால் தீப்பிடிக்கும். இன்ஜின் மேலே சத்தத்தை அடக்க ஒரு பஞ்சு ஒட்டிய கவர் இருக்குமே, அது ஆயிலைக் குடித்து ஊறிப்போயிருந்தால் அதை எடுத்துவிடுங்கள், இன்றைக்கே.

கசிவைப் பிடிக்க எனக்கு உதவியது ஒளிரும் சாயம். ஆயிலில் ஊற்றி ஒன்றிரண்டு நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் கசிகிற பாதை மஞ்சள் பச்சையாகப் பளிச்சென்று தெரியும். டீசல் ஆயில் கரியால் கறுத்துப் போயிருந்தால் சாயம் மங்கலாகத் தெரியும், அதனால் ஆயில் மாற்றிய கையோடு ஊற்றுவது நல்லது. பின்பக்கம் தலை நுழையாத இடம், அதற்கு ஃபோனில் மாட்டுகிற சின்னக் குழாய்க் கேமரா வாங்கிக்கொள்ளுங்கள், இன்ஜினுக்கும், இன்ஜின் அறையை உள்பக்கத்திலிருந்து பிரிக்கிற தடுப்புச் சுவருக்கும் நடுவில் இறக்கிப் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.


கார்மேகன்:

இவ்வளவு சிரமம் எதற்கு? கசிவை நிறுத்துகிற ஆடிடிவ் பாட்டில் கிடைக்கிறது, ஆயிலோடு ஊற்றுங்கள், ரப்பர் சீல் உப்பி அடைத்துக்கொள்ளும். என் பழைய வண்டியில் ஒரு வருஷம் ஓடியது. பயணம் முடிந்து நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.


பழைய_ஸ்பேனர்:

கார்மேகன், சொந்த அனுபவத்தைச் சொல்கிறீர்கள், மறுக்கவில்லை. காய்ந்து சுருங்கிய சீலாக இருந்தால் கொஞ்ச நாள் தாங்கும். ஆனால் எது கசிகிறது என்றே தெரியாதபோது அதை ஊற்றக் கூடாது. பேக்கிங் கிழிந்திருந்தாலோ போல்ட் தளர்ந்திருந்தாலோ அது ஒன்றும் செய்யாது, நன்றாக இருக்கிற மற்ற சீல்களைத்தான் மென்மையாக்கிவிடும். குடும்பத்தோடு போகிற டர்போ டீசலில் நான் அதைத் தொடமாட்டேன்.

ஏழுசீட்டுப்பயணி, நீங்கள் செய்ய இன்னொரு சோதனை. பிரீதர் அடைப்பு. பிஸ்டன் ரிங் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே கிராங்க்கேஸுக்குள் இறங்குவது எந்த இன்ஜினிலும் இயல்பு, அதை வெளியேற்றத்தான் பிரீதர் குழாயும் ஆயிலைப் பிரிக்கிற பெட்டியும் இருக்கின்றன. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த பேக்கிங் பலவீனமாக இருக்கிறதோ அந்த வழியாக ஆயிலைத் தள்ளும். நீங்கள் ஒன்றை மாற்றினால் அடுத்தது கசியும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, தலைகீழாக அந்த வாய் மேலேயே சும்மா வையுங்கள். டீசலில் மூடி லேசாக ஆடினால் பரவாயில்லை. தூக்கி எறிகிற மாதிரி துள்ளினாலோ, புகை விடாமல் குபுகுபுவென்று வந்தாலோ, ஒன்று பிரீதர் அடைப்பு, இல்லையென்றால் ரிங் தேய்ந்த பேக் கம்ப்ரஷன். முதலாவதுக்குக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும், அதனால் அதை முதலில் பாருங்கள். பெல்ட் பக்கம் சட்டைக் கை, துண்டு எதுவும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


ஏழுசீட்டுப்பயணி:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை காலையிலிருந்து மதியம்வரை இதிலேயே போனது. அட்டையில் விழுந்தது கறுப்பு, கந்தக வாடை இல்லை. ஃபில்டரும் டிரெயின் பிளக்கும் காய்ந்தே இருக்கின்றன. அடித்தட்டைக் கழற்றியபோது அதில் ஒரு குவளை ஆயில் தேங்கியிருந்தது, அதைப் பார்த்ததும் பகீரென்றது. மேல் கவரின் பஞ்சு பின் மூலையில் ஊறிப்போயிருந்தது, எடுத்துவிட்டேன்.

கழுவிக் காயவைத்து இருபது நிமிடம் ஓட்டியதில் ஒன்றும் தெரியவில்லை. அறுபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து கேமராவை இறக்கியபோது தெரிந்தது. டேப்பட் கவரின் ஓரம் சுற்றிலும் காய்ந்திருக்கிறது. ஆனால் சிலிண்டர் ஹெட்டின் பின் முனையில், தடுப்புச் சுவரைப் பார்த்தபடி ஒரு வட்டமான அலுமினிய உறுப்பு போல்ட் போட்டு நிற்கிறது, அதிலிருந்து தடித்த குழாய் ஒன்று பிரேக் பூஸ்டருக்குப் போகிறது. அதற்கு அடியில் பளபளவென்று ஈரம். அங்கிருந்து பிளாக்கின் முதுகு வழியாக ஒரு கோடு பெல் ஹவுசிங் வரை இறங்குகிறது, ஒரு கிளை எக்ஸாஸ்ட் பைப் பக்கம் போகிறது. மூடி சோதனையில் மூடி கொஞ்சம் அதிகமாகவே ஆடியது, ஆனால் கீழே விழவில்லை. பிரீதர் குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கறுப்புக் களிம்பு போல அடைத்திருந்தது. அந்த உறுப்பு என்ன?


தூரநிலா:

அதுதான் வேக்குவம் பம்ப்! டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டி மாதிரி உறிஞ்சு அழுத்தம் கிடைக்காது, அதனால் பெடலை எளிதாக மிதிக்க உதவுகிற பிரேக் பூஸ்டருக்கு என்று தனியாக ஒரு பம்ப் இருக்கும். பல டீசல்களில் அது கேம்ஷாஃப்டின் (வால்வுகளைத் திறக்கிற தண்டின்) பின் முனையில் மாட்டியிருக்கும், கேம் சுற்றும்போது இதுவும் சுற்றும், இன்ஜின் ஆயிலே அதற்கும் போகும். ஹெட்டோடு சேருகிற இடத்தில் ஒரு ரப்பர் வளையமோ பேக்கிங்கோ இருக்கும், வருஷக்கணக்கில் சூட்டில் இருந்து பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகிவிடும். என் வண்டியிலும் இதுவேதான் போனது. கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்காமல் இங்கே வந்து கேட்டீர்களே, எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.


பழைய_ஸ்பேனர்:

நல்ல வேலை தம்பி, பல ஒர்க்‌ஷாப்களில் இந்த அளவுக்குப் பொறுமையாகப் பார்ப்பதில்லை. இப்போது ஒரே ஒரு விஷயத்தை உறுதி செய்யுங்கள். பம்ப் ஹெட்டோடு சேருகிற கோட்டில் கசிகிறதா, இல்லை பம்பின் சொந்த மூடி, அதாவது பின்னால் தெரிகிற தட்டு அதன் உடலோடு சேருகிற இடத்தில் கசிகிறதா? ஹெட் பக்கம் என்றால் வளையம் மட்டும் போதும். பம்பின் சொந்த மூடி என்றால் எத்தனை வளையம் மாற்றினாலும் நிற்காது, பம்பையே மாற்ற வேண்டும், அல்லது அந்த மாடலுக்குத் தனி சீல் கிட் கிடைத்தால் போடலாம். அந்த இடத்தை மட்டும் துடைத்துவிட்டு, முகத்துக்குப் போடுகிற டால்கம் பவுடரைத் தூவி ஐடிலில் பத்து நிமிடம் விடுங்கள். எந்தக் கோட்டில் பவுடர் முதலில் கறுக்கிறதோ அதுதான். இன்ஜின் ஓடும்போது கையை உள்ளே விடாமல், நிறுத்திய பிறகு பாருங்கள்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை. அலுமினிய முகத்தில் பழைய பேக்கிங் ஒட்டியிருந்தால் இரும்புத் தகடால் சுரண்டாதீர்கள், ஒரு கீறல் போதும், புதுப் பேக்கிங்கும் கசியும். பிளாஸ்டிக் சுரண்டியும் கிளீனர் நனைத்த துணியும் போதும். பம்பின் முனையில் இருக்கிற நாக்கு கேமில் இருக்கிற பள்ளத்தில் நேராக உட்கார வேண்டும், உட்காராமல் போல்ட்டை இறுக்கி இழுத்தால் பம்ப் உடல் விரிசல் விட்டுவிடும். கையாலேயே முழுக்க உள்ளே போய் உட்கார்ந்தபிறகுதான் போல்ட். எவ்வளவு இறுக்க வேண்டும், எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், ஹெட்டில் இருப்பது அலுமினிய மரை, ஆத்திரத்தில் இறுக்கினால் மரை போய்விடும்.

சிலிகான் சீலண்ட் பூசிவிடலாமா என்று யாராவது சொல்வார்கள். புத்தகம் சொல்கிற இடத்தைத் தவிர வேண்டாம். உள்ளே பிதுங்குகிற சீலண்ட் பிய்ந்து போய் இன்ஜின் அடியில் ஆயில் தேங்குகிற சேம்பரில் விழும், ஆயில் உறிஞ்சுகிற வலையை அடைக்கும். கசிவைச் சரிசெய்யப் போய் பேரிங்கைக் காலி செய்த இன்ஜினை நான் பிரித்திருக்கிறேன். மனசு கஷ்டப்பட்டது.

பிரீதர் குழாயைக் கட்டாயம் சுத்தம் செய்து, ரப்பர் வெடித்திருந்தால் புதிது போடுங்கள். அதைச் செய்யாமல் வளையத்தை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் திரும்ப இங்கே வருவீர்கள்.


ஸ்பேனர்க்காரி:

ஒரு பாதுகாப்பு விஷயம் யாரும் சொல்லவில்லை. பம்பை மாட்டி முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது பிரேக் பெடல் கல் மாதிரி இருக்கும், உறிஞ்சு அழுத்தம் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். நின்ற இடத்திலேயே பெடலை நாலைந்து தரம் மிதித்து, மென்மையாக இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்துங்கள். மாட்டுவதற்கு முன் பம்பின் ஆயில் துளையில் கொஞ்சம் புது ஆயில் விடுங்கள், காய்ந்து சுற்றக் கூடாது. பிரேக் பூஸ்டர் குழாயின் கிளிப்பையும் பழையதையே போடாதீர்கள், தளர்ந்திருக்கும்.

அடியில் படுத்து வேலை செய்தால் ஜாக்கியை நம்பாதீர்கள், ஜாக் ஸ்டாண்ட் வையுங்கள், சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். இரண்டு டன் வண்டி.


ஏழுசீட்டுப்பயணி:

பவுடர் தூவிப் பார்த்தேன், ஹெட் பக்கக் கோடுதான் கறுத்தது, பம்பின் சொந்த மூடி வெள்ளையாகவே இருந்தது. இடம் குறுகலாக இருப்பதால் நானே செய்யத் துணியவில்லை, டேப்பட் கவர் என்று சொன்னவரிடமே கேமராவில் எடுத்த படங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, நான் சொன்னது தப்பு, இதுதான் என்று ஒப்புக்கொண்டார், எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது. புது வளையம், புது பிரீதர் குழாய், கிளிப். அரைநாளில் முடிந்தது. பழைய வளையத்தைக் கையில் கொடுத்தார், வளைத்தால் உடைகிறது, ரப்பர் என்றே சொல்ல முடியாது.

ஆனால் ஒரு கவலை. மூன்று நாளாகியும் பெல் ஹவுசிங் அடியில் ஒன்றிரண்டு சொட்டு இன்னும் வருகிறது. மேலே வேக்குவம் பம்ப் அடியில் காய்ந்திருக்கிறது. பின் சீலும் சேர்ந்து போயிருக்குமோ?


பழைய_ஸ்பேனர்:

பதற வேண்டாம். பிளாக்கின் முதுகிலும் பெல் ஹவுசிங் இடுக்கிலும் தேங்கிய பழைய ஆயில் இறங்கி முடிக்க ஒரு வாரம் பத்து நாள்கூட ஆகும். அந்த இடத்தைத் திரும்ப ஒருமுறை கழுவிவிட்டு 300 கிலோமீட்டர் கழித்துப் பாருங்கள். பின் சீல் என்றால் மேலிருந்து கோடு எதுவும் இல்லாமல் பெல் ஹவுசிங்கின் கீழ்ப்பக்கம் மட்டும் புதிதாக நனையும், கிளட்ச்சும் வழுக்கலாம் அல்லது வண்டியை எடுக்கும்போது நடுங்கலாம். டிப்ஸ்டிக்கையும் கவனியுங்கள். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் கழித்து, தினமும் ஒரே இடத்தில். பல வண்டிகளில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவில் சுமார் 1 லிட்டர் இருக்கும், அதை வைத்து எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றிவிடாதீர்கள், அதுவும் கசிவுக்கு வழி.


ஏழுசீட்டுப்பயணி:

திரும்பக் கழுவி இன்றோடு 850 கிலோமீட்டர். பெல் ஹவுசிங் காய்ந்துவிட்டது, அட்டையில் நான்கு நாளாக ஒரு சொட்டுகூட இல்லை, டிப்ஸ்டிக்கில் அளவு நகரவில்லை. மூடி சோதனையும் திரும்பச் செய்தேன், இப்போது லேசாகத்தான் ஆடுகிறது. நேற்று அம்மாவை ஏற்றிக்கொண்டு அதே மேட்டில் ஏறி மேலே நிறுத்தினேன், வாடை வரவில்லை, ஜன்னலைத் திறக்கவும் சொல்லவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். டார்ச்சும் 1 லிட்டர் ஆயிலும் வண்டியில் இருக்கின்றன.